கிட்டாரில் ராகம் நிற்கவில்லையா? கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

கர்நாடக ராகத்தையும் மேற்கத்திய கார்டுகளையும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) ஒரே கிட்டாரில் சேர்த்து வாசிக்கிறவர்கள் சொல்லும் குறை ஏறக்குறைய ஒன்றுதான்: "தனித்தனியாக நன்றாக இருக்கிறது, சேர்த்தால் ஏதோ உதைக்கிறது." உதைப்பது எது என்று தெரியாமலேயே பெடலை மாற்றுவார்கள், தந்தியை மாற்றுவார்கள், கடைசியில் கிட்டாரையே மாற்றுவார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது. ஃப்ரெட், அதாவது கிட்டார் பலகையின் குறுக்குக் கம்பி, ஒரு சுரத்தை ஓரிடத்தில் உட்கார வைக்கிறது. ராகமோ பல சுரங்களை அசைவோடுதான் கேட்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே இழுபறி நடக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எந்தக் குறையாக இருந்தாலும் முதலில் ஒரே ஒரு சோதனை. டிரம்ஸ், பேஸ், கார்டு, எஃபெக்ட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தம்பூரா சுருதி மட்டும் ஓடட்டும். ராகத்தை ஒற்றை வரியாக இரண்டு நிமிடம் வாசித்துப் பதிவு செய்து கேளுங்கள். குறை அப்போதும் கேட்டால் அது கையிலோ வாத்தியத்திலோ இருக்கிறது. கீழே முதலில் வரும் பகுதிகளைப் பாருங்கள். குறை காணாமல் போய்விட்டால் அது கார்டிலோ தாளத்திலோ ஒலியமைப்பிலோ இருக்கிறது. நேராகக் கார்டு பற்றிய பகுதிக்குப் போய்விடலாம்.

"சுரம் எல்லாம் சரிதான், ஆனால் ராகம் வரவில்லை"

தோடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ, சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், ப, சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். இவற்றை ஃப்ரெட் ஃப்ரெட்டாக அழுத்தி வாசித்தால் கேட்பது மேற்கத்திய ஃப்ரிஜியன் மோடு. தோடி அல்ல. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்தின் பக்கத்திலிருந்து கிளம்பி மத்யமத்தைத் தொட்டுத் திரும்பும் அந்த அசைவுக்குத்தான் காந்தாரம் என்று பெயர். நடுவில் இருக்கும் ஃப்ரெட்டில் விரல் தங்கிவிட்டால் ராகம் போய்விட்டது.

செய்து பாருங்கள். ஸ-வை டி-யில் வையுங்கள், அதாவது இரண்டு கட்டை. வழக்கமான டியூனிங்கில் மூன்றாவது தந்தியில் 7-ஆவது ஃப்ரெட் ஸ, 8 ரி, 10 க, 12 ம. ஆள்காட்டி விரலை 8-இல் வைத்து ஒருமுறை மீட்டுங்கள். விரலைத் தூக்காமல் 12 வரை வழுக்கிப் போய்த் திரும்புங்கள், 10-இல் நிற்காமல். மெதுவாக, ஓர் அட்சரத்துக்கு ஓர் அசைவு. இது ஜாரு வழி, அதாவது வழுக்கல். அடுத்தது இழுப்பு வழி: 10-ஐ அழுத்தி மீட்டி, தந்தியைப் பக்கவாட்டில் தள்ளி 12-இன் ஒலி வரும்வரை ஏற்றுங்கள். இறக்கும்போது 10-இல் ஓய்ந்துவிடாமல் 8-ஐ நோக்கி வழுக்குங்கள். வீணைக்காரர்கள் இரண்டையுமே கலந்துதான் வாசிக்கிறார்கள். கிட்டாரிலும் கலப்புதான் இயல்பாக ஒலிக்கும். வெறும் ஜாரு மட்டும் என்றால் ஹவாயன் வாடை அடிக்கும், வெறும் இழுப்பு என்றால் ப்ளூஸ் வாடை.

இன்னொரு காரணமும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் பிளெக்ட்ரம் (மீட்டும் வில்லை) போடுவது. ஒரு மீட்டுக்குள் நான்கைந்து சுரம் பேச வேண்டிய இடத்தில் ஒவ்வொன்றையும் தட்டினால் பிடி, அதாவது ராகத்தை அடையாளம் காட்டும் சுரத்தொடர், உடைந்து தனிச்சுரங்களாகக் கொட்டிவிடும். பாட்டில் சாகித்ய எழுத்து விழும் இடத்தில் மட்டும் மீட்டுங்கள். வரிகள் தெரிந்த கீர்த்தனையை மனதுக்குள் பாடிக்கொண்டே வாசித்தால் இது தானாகச் சரியாகும். சுகுமார் பிரசாத், ஆர். பிரசன்னா போன்றவர்கள் எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை வாசித்திருப்பதைக் கேட்கும்போது விரலைவிட மீட்டுகளின் எண்ணிக்கையைக் கவனியுங்கள்.

அதே நேரம் எல்லாச் சுரத்தையும் ஆட்டுவதும் தவறு. ஸ-வும் ப-வும் அசையாத சுரங்கள். சங்கராபரணத்தின் காந்தாரம் பல பிடிகளில் ஆடாமல் நேராக நிற்கும். அதை ஆட்டினால் ராகத்தின் முகமே கலைந்துவிடும்.

"தம்பூரா போட்டதும் கிட்டார் கோணலாகக் கேட்கிறது"

டியூனரில் பச்சை விளக்கு எரிகிறது, ஆனாலும் தம்பூராவோடு உரசுகிறது. இதற்கு இரண்டு வேறு காரணங்கள் இருக்கலாம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதலாவது கிட்டாரின் கோளாறு. 12-ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே தொட்டு ஹார்மானிக் எடுங்கள். பிறகு அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசியுங்கள். அழுத்திய ஒலி மேலே இருந்தால் பிரிட்ஜில் அந்தத் தந்தியின் சேடிலை (தந்தியைத் தாங்கும் துண்டு) பின்னால் நகர்த்த வேண்டும், கீழே இருந்தால் முன்னால். புதுத் தந்தி போட்ட பிறகு இதைச் செய்யுங்கள். பழைய தந்தியில் செய்தால் பயன் இல்லை. அளவுக்கு மீறி அழுத்துவதும் சுருதியை ஏற்றும், உயரமான ஃப்ரெட் உள்ள கிட்டாரில் இது நன்றாகவே தெரியும்.

இரண்டாவது கோளாறே அல்ல, ஃப்ரெட் அமைப்பின் இயல்பு. கிட்டார் ஒரு ஸ்தாயியை 12 சமபாகமாக, பாகத்துக்கு 100 சென்ட் (சுருதி இடைவெளியை அளக்கும் அலகு) வீதம் பிரிக்கிறது. ஆகவே அந்தர காந்தாரம் 400 சென்டில் விழுகிறது. தம்பூராவின் நாதத்துக்குள்ளேயே ஒலிக்கும் காந்தாரமோ 386 சென்ட் அளவில் இருக்கிறது. 14 சென்ட் வித்தியாசம் வேகமான கார்டுகளுக்கு நடுவே தெரியாது. ஆலாபனையில் காந்தாரத்தில் கார்வை கொடுத்து நிற்கும்போது பட்டவர்த்தனமாகத் தெரியும். சதுச்ருதி தைவதமும் காகலி நிஷாதமும் இதே போல ஃப்ரெட்டில் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். சாதாரண காந்தாரமும் சுத்த தைவதமும் எதிர்ப்பக்கம், கொஞ்சம் தாழ்ந்திருக்கும். பஞ்சமத்தில் வித்தியாசம் 2 சென்ட்தான், விட்டுவிடலாம்.

தாழ்ந்ததை ஏற்றுவது சுலபம், தந்தியை மயிரிழை தள்ளினால் போதும். தூக்கலாக இருப்பதை எப்படி இறக்குவது? ஒரு ஃப்ரெட் பின்னால் அழுத்தி, அங்கிருந்து காதை நம்பி மேலே இழுத்து நிறுத்துங்கள். மேலே சொன்ன டி சுருதியில் அந்தர காந்தாரம் மூன்றாவது தந்தியின் 11-ஆவது ஃப்ரெட். அதை அழுத்தாமல் 10-ஐ அழுத்தி இழுங்கள். தம்பூராவோடு சேரும் இடத்தில் உரசல் சட்டென்று அடங்கும். அந்த அடங்கல்தான் உங்கள் டியூனர். அதன் பிறகு பச்சை விளக்கைப் பார்க்காதீர்கள்.

இதோடு இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: நீங்கள் தொடாத தந்திகள். டி சுருதியில் ஹிந்தோளம் வாசிக்கிறீர்கள் என்றால் ராகத்தின் சுரங்கள் டி, எஃப், ஜி, பி ஃப்ளாட், சி. திறந்த தந்திகளான இ, ஏ, பி மூன்றும் ராகத்துக்கு வெளியே. அவை தானாக அதிர்ந்து பின்னால் ஒரு மங்கலான அன்னிய ஒலியைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். உள்ளங்கையால் அடக்குங்கள், அல்லது நட் (பலகையின் தலைப்பக்கத்துக் கட்டை) பக்கத்தில் ஒரு துணி ஹேர் பேண்டைக் கட்டுங்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் டியூனிங்கையே மாற்றலாம். டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று வைத்தால் தந்திகள் ஸ, ப, ஸ, ம, ப, ஸ ஆகிவிடும். பஞ்சமமோ சுத்த மத்யமமோ இல்லாத ராகத்துக்கு இது உதவாது, மற்றபடி அருமையாக இருக்கும்.

"இழுக்கும்போது தந்தி அடைத்துப்போகிறது"

பாதி தூரம் நன்றாக ஏறி, திடீரென்று 'டிக்' என்று ஒலி செத்துவிடுகிறது. தந்தி மேலே உள்ள ஃப்ரெட்டில் இடிக்கிறது என்று அர்த்தம். பலகை நன்றாக வளைந்திருக்கும் கிட்டாரில், அதாவது பழைய பாணி 7.25 அங்குல ரேடியஸில், இது அடிக்கடி வரும். தந்தியின் உயரத்தைச் சற்று ஏற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். புதிதாக வாங்குவதாக இருந்தால் 12 அங்குலமோ அதைவிடத் தட்டையானதோ பாருங்கள்.

இழுக்கவே முடியவில்லை, விரல் நழுவுகிறது என்றால் தந்தி கனம். அகூஸ்டிக் கிட்டாரின் மூன்றாவது தந்தி சுற்றுக் கம்பியாக இருக்கும். அதில் முழு சுர இழுப்பு கடினம். எலெக்ட்ரிக்கில் 9 அல்லது 10-இல் (அதாவது 0.009 அல்லது 0.010 அங்குலத் தந்தியில்) தொடங்கும் செட் போதும். ஒரு விரலால் இழுக்காமல் பின்னால் இரண்டு விரலைத் துணைக்கு வையுங்கள். பலம் விரலிலிருந்து வரக்கூடாது, மணிக்கட்டின் திருகலிலிருந்து வர வேண்டும்.

ஸ்காலப் செய்த பலகை, அதாவது ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்தது, இதற்கு உண்மையிலேயே உதவுகிறது. விரல் மரத்தில் உரசாது, தந்தி மட்டும் விரலில் இருக்கும். சக்தி என்ற இந்திய-ஜாஸ் கலப்பிசைக் குழுவில் ஜான் மெக்லாஃப்லின் வாசித்த அகூஸ்டிக் கிட்டாரின் பலகை அப்படிக் குடையப்பட்டதுதான், குறுக்கே தனியாக அனுநாதத் தந்திகளும் கட்டியிருந்தார்கள். ஆனால் ஸ்காலப் பலகையில் கார்டு பிடிக்கும்போது கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலும் சுருதி ஏறிவிடும். இரண்டும் கலந்து வாசிக்கிறவர்கள் மேல் ஃப்ரெட்டுகளை மட்டும் குடைந்துகொள்வது நல்லது என்பது என் கருத்து.

பன்னிரண்டு தந்திக் கிட்டாரில் கமகம், அதாவது சுர அசைவு, முயல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம். ஜோடித் தந்திகள் இரண்டும் ஒரே அளவு ஏறாது. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் ஜோடித் தந்திகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளோடு எலெக்ட்ரிக் மாண்டலின் வாசித்தார். கமகம் பேச வேண்டுமென்றால் தந்தி ஒற்றையாகத்தான் இருக்க வேண்டும்.

"ஒரு தந்தியை இழுத்தால் மற்ற தந்திகள் சுருதி இறங்குகின்றன"

மிதக்கும் ட்ரெமோலோ பிரிட்ஜ். ஒரு தந்தியின் இழுவிசை கூடும்போது பிரிட்ஜ் முன்னால் சாய்கிறது, மற்றவை தளர்கின்றன. ராக் சோலோவில் இது காதில் படாது. கீழே ஸ-ப தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போது நன்றாகப் படும். பின்மூடியைத் திறந்து ஸ்பிரிங்கைக் கூட்டி, பிரிட்ஜ் உடலோடு ஒட்டி உட்காரும்படி இறுக்குங்கள். இல்லையென்றால் அளவான மரத்துண்டு ஒன்றைச் செருகி அசையாமல் பண்ணுங்கள்.

"கமகம் முடிவதற்குள் நாதம் அடங்கிவிடுகிறது"

நெக் பக்கத்து பிக்கப்புக்கு மாறுங்கள். கம்ப்ரஸரை 4:1 அளவில் வைத்து, அட்டாக்கைச் சற்று மெதுவாக்குங்கள். மீட்டின் முனை மழுங்காது, வாலும் நீளும். லேசான ஓவர்டிரைவும் நாதத்தை நீட்டும். ஆனால் அதில் ஒரே நேரத்தில் சுருதித் தந்தியையும் ராகத் தந்தியையும் ஒலிக்க விடாதீர்கள். இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, நீங்கள் வாசிக்காத மூன்றாவது ஒலிகள் கிளம்பும். சுருதியைத் தனி டிராக்கில் தூய ஒலியில் வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லை என்றால் உங்கள் மனம் தேடுவது ஸ்லைடாக இருக்கலாம். விஸ்வ மோகன் பட் மோகன வீணையை ஆர்ச்டாப் கிட்டாரிலிருந்துதான் உருவாக்கினார். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடரோடு அவர் வாசித்த தொகுப்புக்கு 1994-இல் கிராமி கிடைத்தது. ஸ்லைடில் சுரம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே இருக்கும், சற்றுப் பின்னால் அல்ல. தொடங்குகிறவர்களுக்குச் சுருதி தாழ்ந்து கேட்பதற்குக் காரணம் இதுதான். ஸ்லைடுக்குப் பின்னால் உள்ள தந்தியை மற்ற விரல்களால் அடக்கினால் கரகரப்பும் போய்விடும்.

"கார்டு போட்டதும் ராகம் வேறாகிவிடுகிறது"

இங்கேதான் அதிகம் பேர் இடறுகிறார்கள். நிதானமாகப் பார்ப்போம்.

மோகனம், சி சுருதி. ராகத்தின் சுரங்கள் சி, டி, இ, ஜி, ஏ. பழக்கத்தில் சி மேஜர், எஃப் மேஜர், ஜி மேஜர் என்று கை போகும். எஃப் கார்டில் எஃப் இருக்கிறது, அது மத்யமம். ஜி கார்டில் பி இருக்கிறது, அது நிஷாதம். மோகனத்தில் இரண்டும் கிடையாது. நீங்கள் மேலே சுத்த மோகனம்தான் வாசிக்கிறீர்கள், ஆனால் கேட்கிறவர் காதில் மொத்தமாக விழுவது சங்கராபரணம். ராகத்துக்குள்ளேயே கிடைக்கும் கார்டுகளைத் தேடுங்கள்: சி மேஜர், ஏ மைனர், ஏ மைனர் செவன்த், சி சஸ் டூ, ஜி சஸ் ஃபோர், டி சஸ் ஃபோர். இவற்றில் ஓர் அன்னிய சுரம்கூட இல்லை. சஸ் கார்டுகளில் காந்தாரம் போன்ற மூன்றாம் சுரம் இல்லாததால் மேஜர்-மைனர் என்று எந்தப் பக்கமும் சாய்க்காமல் ராகத்துக்கு இடம் விடுகின்றன.

சரி, கார்டுகள் சுத்தம். அப்படியும் ராகம் நழுவினால் பேஸைப் பாருங்கள். மோகனத்தின் அதே ஐந்து சுரங்களை ஏ-யை ஸ-வாக வைத்துக் கேட்டால் சுத்த தன்யாசி. டி-யை வைத்தால் மத்யமாவதி, இ-யை வைத்தால் ஹிந்தோளம், ஜி-யை வைத்தால் சுத்த சாவேரி. நம்மவர்கள் இதைக் கிரகபேதம் என்று வேண்டுமென்றே செய்து காட்டுவார்கள். பேஸ் கிட்டார் ஏ-யில் நான்கு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) உட்கார்ந்தால் அதே வேலை உங்களுக்குத் தெரியாமலே நடந்துவிடும். தீர்வு: பேஸ் ஸ-வில் இருக்கட்டும், மேலே உள்ள சுரங்கள் மட்டும் மாறட்டும். பேஸ் நகர்ந்தே ஆக வேண்டுமென்றால் ஆவர்த்தன முடிவுக்குள் ஸ-வுக்குத் திரும்பிவிடட்டும்.

மூன்றாவது கண்ணி கமகத்துக்கும் கார்டுக்கும் நடுவே இருக்கிறது. மேலே காந்தாரம் ரி-க்கும் ம-வுக்கும் நடுவே ஊசலாடும்போது, கீழே கார்டு அதே காந்தாரத்தை நட்ட கம்பம் போல் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தால் இரண்டும் மோதும். கரகரப்ரியா, தோடி இரண்டிலும் இது உடனே தெரியும். அசையும் சுரத்தைக் கார்டிலிருந்து எடுத்துவிடுங்கள். ஸ-வும் ப-வும் மட்டும் இருந்தாலே போதும். முழுக் கார்டு வேண்டுமென்றால் ராகம் ஸ-விலோ ப-விலோ வந்து நிற்கும் அந்த நொடியில் போடுங்கள்.

மேற்கத்திய முடிவும் எல்லா ராகத்துக்கும் பொருந்தாது. மாயாமாளவகௌளையில் சி, டி ஃப்ளாட், இ, எஃப், ஜி, ஏ ஃப்ளாட், பி. பஞ்சமத்தின் மேல் மேஜர் கார்டு கட்ட இயற்கையான டி வேண்டும், அது ராகத்தில் இல்லை. எனவே ஜி-யிலிருந்து சி-க்கு வரும் வழக்கமான முடிவு கிடையாது. பதிலாக டி ஃப்ளாட் மேஜர் முழுதாக ராகத்துக்குள் இருக்கிறது: ரி, ம, த. அங்கிருந்து சி மேஜருக்கு இறங்கிப் பாருங்கள். முடிவு அழுத்தமாகவும் இருக்கும், ராகமும் கெடாது. இப்படி ஒவ்வொரு ராகமும் தனக்கான கார்டு வழியைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டுவதைவிட அதைத் தேடிக் கண்டுபிடிப்பதில்தான் இந்தக் கலப்பிசையின் சுகமே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எந்த ராகத்துக்குக் கார்டு போடலாம்? கீரவாணி, சாருகேசி, கௌரிமனோகரி, ஹரிகாம்போதி, சங்கராபரணம் இடம் கொடுக்கும். சஹானா, பேகடா, வராளி போன்றவை பிடியிலேயே உயிர் வாழ்கிறவை. அவற்றுக்குச் சுருதியும் தாளமும் போதும், கார்டை விட்டுவிடுங்கள்.

"முடிவு சமத்தில் வந்து விழவில்லை"

முதலில் டிரம்மரிடம் எது சமம், அதாவது தாளத்தின் முதல் அடி, என்று கேளுங்கள். பல்லவி சமத்திலிருந்து அரை அட்சரம் தள்ளி எடுக்கும் பாட்டாக இருந்தால், அவர் எடுப்பையே, அதாவது பாட்டு தொடங்கும் இடத்தையே, ஒன்று என்று எண்ணிக்கொண்டிருப்பார். மிஸ்ர சாபுவை வெறும் ஏழாக எண்ணாமல் தகிட தகதிமி என்று மூன்றும் நான்குமாகச் சொல்லச் சொல்லுங்கள், பிடித்துக்கொள்வார்.

மோராவில், அதாவது ஒரு சொல்லை மூன்று முறை சொல்லிச் சமத்தில் முடிக்கும் கோவையில், இடறினால் கணக்கைக் காகிதத்தில் போடுங்கள். ஆதி தாளம், ஒரு களை, அட்சரத்துக்கு நான்கு மாத்திரை, மொத்தம் 32. முதல் திருதம் விழும் இடத்திலிருந்து, அதாவது ஐந்தாவது அட்சரத்திலிருந்து, சமத்துக்கு 16 மாத்திரை இருக்கிறது. நான்கு மாத்திரைச் சொல் மூன்று முறை, நடுவில் இரண்டிரண்டு இடைவெளி: 4, 2, 4, 2, 4. மொத்தம் 16. திருதத்தில் தொடங்கினால் நேராகச் சமத்தில் வந்து இறங்கும். ததிகிணதொம் என்று ஐந்தாக வேண்டுமா? மூன்று முறை சேர்ந்தால் 15. திருதத்துக்கு ஒரு மாத்திரை தள்ளித் தொடங்குங்கள். வாயால் சொல்லி, கையால் தாளம் போட்டுச் சரியாக வந்த பிறகே கிட்டாரை எடுங்கள்.

"பதிவில் எல்லாம் கலங்கலாக இருக்கிறது"

டிலேயும் ரிவெர்பும். காந்தாரத்திலிருந்து மத்யமத்துக்குப் போன பிறகும் பழைய காந்தாரம் திரும்பத் திரும்ப ஒலித்தால் கமகத்தின் கோடு அழிந்துவிடும். ஆலாபனையில் டிலேயை முழுவதும் நிறுத்துங்கள், ரிவெர்பைக் குறுக்குங்கள். தாளத்தோடு வரும் பகுதியில் டிலே வேண்டுமென்றால் வேகத்தோடு பொருத்துங்கள். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடி 500 மில்லி வினாடி.

இதே கலங்கல் பாட்டின் ஒரு பகுதியில் மட்டும் வந்தால் அங்கே கீ மாறுகிறதா என்று பாருங்கள். மேற்கத்திய அமைப்பில் இரண்டாம் பகுதியை இரண்டு சுரம் ஏற்றுவது சகஜம். ஆனால் தம்பூரா பழைய ஸ-விலேயே நிற்கும், மிருதங்கத்தின் வலந்தலையும் அந்த ஸ-வுக்குத்தான் சேர்க்கப்பட்டிருக்கும். மிருதங்கத்தை நடுவில் மாற்றிச் சேர்க்க முடியாது. அந்தப் பகுதியை டிரம்ஸுக்கோ கஞ்சிராவுக்கோ கொடுத்துவிட்டு, தம்பூராவின் ஒலியை முன்னதாகவே மெல்ல இறக்குங்கள். பழைய கீ திரும்புவதற்கு ஓர் ஆவர்த்தனம் முன்னால் அதை மறுபடி ஏற்றினால் போதும், மிருதங்கம் சமத்தில் சேர்ந்துகொள்ளும்.